சீலாவைப் பிடித்தால் சாளை பெருக வேண்டாமா?

வாசகர் கேள்வி, 2025 மார்ச் 2

"பெரிய மீன் சின்ன மீனைத் தின்று வாழ்கிறது என்று பள்ளியிலிருந்தே படித்து வருகிறோம். சீலா முன்பு போல் கிடைப்பதில்லை என்று தூத்துக்குடியில் சொல்கிறார்கள். தின்பது குறைந்தால் தின்னப்படுவது பெருக வேண்டும் அல்லவா? பிறகு ஏன் சாளை ஒரு வருடம் குவிகிறது, மறு வருடம் காணாமல் போகிறது? கணக்குப்படி பார்த்தால் சீலாவைப் பிடிப்பது சாளைக்கு நன்மைதானே?"

2025 மார்ச் 3

இதே கேள்வியைப் பதினைந்து ஆண்டுகளாக நானும் எனக்குள் கேட்டுக்கொண்டிருப்பதால், ஒரு வரியில் பதில் சொல்லிவிட்டுப் போக மனம் வரவில்லை. என் அம்மா தூத்துக்குடியில் மீன் விற்றவர். பெரியப்பா பருவலை கொண்டு சீலாவுக்கும் சூரைக்கும் கடலுக்குப் போனவர். வீட்டில் பெரிய மீன் அறுக்கிற நாளில் குடலை எறிவதற்கு முன்பு இரைப்பையைக் கீறிப் பார்ப்பது சிறு வயதிலிருந்தே என் வேலை. "ஏ பிள்ள, வயித்தக் கீறிப் பாரு, அது எங்க மேஞ்சிட்டு வந்துச்சின்னு தெரியும்" என்பார் பெரியப்பா. வேட்டை என்ற சொல்லை அவர் சொல்லி நான் கேட்டதில்லை. சீலாவாக இருந்தாலும் சுறாவாக இருந்தாலும் அவருக்கு அது மேய்ச்சல்தான்.

நாலரைக் கிலோ சீலா ஒன்றின் வயிற்றில் கண்டதை நான் குறித்து வைத்திருக்கிறேன். இரைப்பை ஒரு நீண்ட பை; கீழே போகப் போகக் குறுகி முடியும். வாய்ப்பக்கம் கிடந்த சாளை வாங்கி வந்ததுபோலப் புதிதாக இருந்தது, செதிலின் பளபளப்புகூடப் போகவில்லை. ஆனால் வால் இல்லை, அரிவாள்மணையில் வைத்து அறுத்தாற்போலச் சாய்வாக வெட்டுப்பட்டிருந்தது. அதற்குக் கீழே கிடந்ததற்குத் தோல் கரைந்து வெள்ளைச் சதை தெரிந்தது. அடியில் ஒரு நடுமுள்ளும் அரிசி நொய் அளவில் இரண்டு செவிக்கற்களும் (மீனின் தலைக்குள் காதுப் பகுதியில் இருக்கும் சிறு கற்கள்) மட்டும் மிஞ்சியிருந்தன. ஒரே மீன் ஒரே நாளில் மூன்று வேளை உண்டதை அந்தப் பை வரிசையாகக் காட்டியது. செவிக்கற்களை நான் அப்போதிருந்தே தீப்பெட்டிகளில் சேர்த்து வருகிறேன். எந்த மீனுடையது என்று இன்றுவரை தெரியாத ஒரு சோடியும் அதில் உண்டு.

கேள்விக்கு வருகிறேன். சீலா சாளையைத் தின்கிறது என்பது உண்மை. சீலா குறைந்தால் சாளை பெருகும் என்பது அதிலிருந்து தானாக வந்துவிடாது. இரண்டுக்கும் நடுவே நிறைய இருக்கிறது, அதை ஒவ்வொன்றாக எழுதுகிறேன்.

மார்ச் 3, இரவு

சென்னையிலிருந்து எழுதியவர், "ஷீலா நீண்ட மூக்கும் கோரைப்பல்லும் உள்ள மீன், அது சாளையை மட்டுமா தின்னும்?" என்று கேட்டிருக்கிறார். குழப்பம் பெயரால் வந்தது, முதலிலேயே நான் தெளிவுபடுத்தியிருக்க வேண்டும். நாங்கள் சீலா என்பது சென்னையில் வஞ்சிரம், கன்னியாகுமரிப் பக்கம் நெய்மீன். சென்னையில் ஷீலா என்று விற்பது எங்கள் ஊரில் ஊழி. இரண்டும் வேறு வேறு குடும்பத்து மீன்கள். சாளை என்றும் பொதுவாகச் சொல்லிவிட்டேன். அதிலும் சூடை வேறு, பேய்ச்சாளை வேறு. கேரளத்தில் மத்தி என்பது இந்தப் பேய்ச்சாளை.

மார்ச் 8

சாளையின் எண்ணிக்கையைத் தீர்மானிப்பது எது என்பதிலிருந்து தொடங்குவதே சரி என்று படுகிறது, ஏனென்றால் கேள்வி கேட்டவர் மேலிருந்து கீழே பார்க்கிறார், சாளையின் வாழ்க்கையோ பெரும்பாலும் கீழிருந்துதான் தீர்மானமாகிறது.

பேய்ச்சாளையின் செவுளைத் திறந்தால் உள்ளே நெருக்கமான சீப்புப் பற்களைப் போன்ற முட்கள் வரிசையாகத் தெரியும். வாயைத் திறந்துகொண்டு நீந்தினால் போதும், கண்ணுக்குத் தெரியாத மிதவைப் பாசிகளும் நுண்ணுயிர்களும் அதில் வடிகட்டப்பட்டு உள்ளே போகும். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் கேரளக் கரையோரம் ஆழத்துக் குளிர்ந்த நீர் சத்துகளோடு மேலே ஏறி வருகிறது, பாசி பெருகுகிறது. ஃபிராஜிலேரியா ஓசியானிகா என்ற பாசி திரண்டால் மத்தி வரும் என்று அந்தக் கரையின் ஆய்வாளர்கள் நெடுங்காலத்துக்கு முன்பே எழுதியிருக்கிறார்கள். இந்த மீன் ஓராண்டுக்குள் சினைப்பட்டு, இரண்டு இரண்டரை ஆண்டுகளில் வாழ்வை முடித்துக்கொள்கிறது. அவ்வளவு குறுகிய ஆயுள் உள்ள மீனுக்கு ஒரு பருவம் தவறினால் அடுத்த ஆண்டே வலை காலியாகும், ஒரு பருவம் கூடிவந்தால் அடுத்த ஆண்டே கரை கொள்ளாது. கேரளத்தில் 2012-இல் சுமார் 4 லட்சம் டன் மத்தி கரை சேர்ந்தது. 2021-இல் 3,297 டன். இந்த வீழ்ச்சிக்கு மிகைப்பிடிப்பையும், எல் நினோ காலத்து வெப்பத்தையும் ஆய்வாளர்கள் காரணமாகச் சொன்னார்கள். நெய்மீன் திடீரென்று பசி எடுத்துத் தின்று தீர்த்ததாக ஒருவரும் சொல்லவில்லை.

எங்கள் கரையில் கதை நேர்மாறாக நடந்தது. தன் சிறு வயதில் இந்தப் பக்கம் பேய்ச்சாளையைப் பார்த்ததே அரிது, கூடையில் சூடைதான் இருக்கும் என்பார் அம்மா. 1980-களின் பிற்பகுதியிலிருந்து அது தமிழ்நாட்டுக் கரையில் பெருகியது. கடல் சூடாவதை அதற்குக் காரணமாகச் சொல்கிறார்கள். அப்படி வந்த புது இரையைச் சீலா மறுக்கவில்லை. என் குறிப்பேட்டில் பழைய பக்கங்களில் சூடை மிகுதி, பிந்திய பக்கங்களில் பேய்ச்சாளை மிகுதி. இரை மாறியபோது தின்பதும் கூடவே மாறியது.

மார்ச் 9

நேற்று எழுதியதில் ஒரு பிழை இருக்கிறது. சாளை பாசியையும் நுண்ணுயிர்களையும் மட்டுமே தின்னும் என்ற எண்ணம் வரும்படி எழுதிவிட்டேன். வடிகட்டி உண்ணும் மீன் எதையும் பெயர் கேட்டுத் தேர்ந்தெடுப்பதில்லை. நீரில் மிதப்பது மீன் முட்டையாக இருந்தால் அதுவும் உள்ளே போகும். நெத்திலி இனங்கள் தம் முட்டைகளையே பெருமளவு தின்பது பெரு நாட்டுக் கடலிலும் கலிபோர்னியக் கடலிலும் ஆராயப்பட்டிருக்கிறது.

இது சிறிய திருத்தம் அல்ல. சீலாவும் கடலில் மிதக்கும் முட்டைதான் இடுகிறது. ஆக, சாளைக் கூட்டம் வாயைத் திறந்துகொண்டு போகிற வழியில் சீலாவின் முட்டை இருந்தால், இரை என்று நாம் எழுதி வைத்தது தன்னைத் தின்கிற மீனின் பிள்ளையைத் தின்றுவிடும்.

மார்ச் 9, மீண்டும்

"அப்படியானால் யார் யாரைத் தின்கிறார்கள் என்றே சொல்ல முடியாதா?" என்று கேட்டவருக்கு: சொல்லலாம், ஆனால் மீனின் பெயரோடு அதன் நீளத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அரைவிரல் நீளத்து மீனும் அரையாள் நீளத்து மீனும் ஒரே இனமாக இருந்தாலும் கடலுக்குள் இரண்டும் ஒன்றல்ல.

மார்ச் 16

இதை நான் ஊகமாக எழுதவில்லை என்பதற்குப் பால்டிக் கடலைச் சொல்கிறேன். அங்கே காட் என்ற பெரிய மீனும், ஸ்பிராட் என்ற சாளைக் குடும்பத்துச் சிறுமீனும் இருக்கின்றன. காட் ஸ்பிராட்டைத் தின்கிறது. பால்டிக்கின் மேல்நீரில் உப்புக் குறைவு என்பதால், காட் இடும் முட்டை மேலே மிதக்க முடியாமல், போர்ன்ஹோம் தீவை ஒட்டிய ஆழ்பள்ளத்தில் உப்பு மிகுந்த நீர் தொடங்கும் மட்டத்தில் நின்றுவிடும். வசந்த காலத்தில் ஸ்பிராட் அந்த மட்டத்துக்கு இறங்கி மேய்கிறது. இறங்கி என்ன தின்கிறது என்று வயிற்றைப் பார்த்தவர்கள் காட் முட்டைகளைக் கண்டார்கள்.

காட் மிகுதியாக இருந்தவரை ஸ்பிராட் அடங்கியிருந்தது. 1980-களின் பிற்பகுதியில் பிடிப்பு மிகுந்ததாலும், ஆழத்தில் உப்பும் உயிர்வளியும் குறைந்ததாலும் காட் வீழ்ந்தது, ஸ்பிராட் பெருகியது. இந்த அளவில் கேள்வி கேட்டவரின் கணக்கு சரியாகவே வந்தது, அதை நான் மறைக்கக் கூடாது. ஆனால் பெருகிய ஸ்பிராட் காட் முட்டைகளின் மீது விழுந்தது. குஞ்சுகளின் உணவான மிதவை உயிரிகளிலும் பங்கு கேட்டது. கிழக்குப் பால்டிக் காட் அதற்குப் பிறகு பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. 2019-இல் ஐரோப்பிய ஒன்றியம் அதைப் பிடிப்பதற்கே தடை போட வேண்டியதாயிற்று. தின்பதைக் குறைத்தால் தின்னப்படுவது பெருகலாம். பெருகியது பழைய இடத்தைத் திருப்பிக் கொடுக்குமா என்பது வேறு கேள்வி.

மார்ச் 30

"இரண்டும் சேர்ந்து குறைந்த கடல் உண்டா?" உண்டு. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து. அங்கே காட்டின் முக்கிய இரை கேப்லின் என்ற வெள்ளிநிறச் சிறுமீன். 1992 ஜூலை 2 அன்று காட் பிடிப்பதை அரசு நிறுத்தியது. பல்லாயிரம் மீனவக் குடும்பங்கள் ஒரே நாளில் தொழிலை இழந்தன. காட் இல்லாத கடலில் கேப்லின் கொழித்திருக்க வேண்டும். நடந்தது அதுவல்ல. 1991-ஐ ஒட்டியே கேப்லினும் வீழ்ந்துவிட்டது. நீர் வழக்கத்தைவிடக் குளிர்ந்த ஆண்டுகள் அவை. பெருகியவை இறாலும் பனி நண்டும். தடை 2024-இல்தான் நீங்கியது. காட் இத்தனை ஆண்டுகள் தலையெடுக்காததற்குக் கேப்லின் இல்லாததும் ஒரு காரணம் என்று அங்கே எழுதுகிறார்கள். இரை இல்லாத கடலில் வலையை நிறுத்தினாலும் வேட்டை மீன் உடனே திரும்புவதில்லை.

ஏப்ரல் 6

என் குறிப்பேட்டையே நான் எவ்வளவு நம்புவது என்ற யோசனை இந்த வாரம் முழுக்க இருந்தது.

தூண்டிலில் மாட்டிய சீலா மேலே இழுபடும்போது தின்றதைக் கக்கிவிடும். அதனால் தூண்டில் மீன்களில் வெறும் வயிறே அதிகம் காணப்படும். அதை வைத்து "இந்த மாதம் சீலா பட்டினி" என்று எழுதினால் அது பொய்யாகும். இழுவலையில் வந்த மீனுக்கு எதிர்ப்பிழை. வலையின் மடிக்குள் எல்லா மீனும் நெருக்கித் திணிக்கப்படும்போது, நாடா போல நீண்ட சாவாளை போன்ற பெருவாய் மீன் அங்கேயே பக்கத்தில் இருப்பதை விழுங்கிவிடுகிறது. தொண்டையிலேயே நிற்கிற புத்தம்புது இறால் கடலில் தின்றதா, மடிக்குள் தின்றதா என்று சொல்ல முடியாது. ஆகவே இழுவலை மீனில் தொண்டையில் இருப்பதை நான் இப்போது கணக்கில் எடுப்பதில்லை. பாதியாவது செரித்திருக்க வேண்டும்.

மென்மையான இரை வேகமாகக் கரைந்து, கடினமான பகுதி தங்கிவிடுகிறது என்பதும் இன்னொரு சிக்கல். கணவாயின் அலகு இரைப்பையில் பல நாள் கிடக்கும், நெத்திலி சில மணி நேரத்தில் காணாமல் போகும். இதை வைத்துச் சீலா நெத்திலியைவிடக் கணவாயை விரும்புகிறது என்று முடிவு கட்டினால் தவறு.

ஆய்வுக்கூடத்தில் இதற்கு மாற்று வழி இருக்கிறது. தசையிலுள்ள நைட்ரஜனில் எடை கூடிய ஒரு வகையின் விகிதம், உணவுச் சங்கிலியில் ஒவ்வொரு படி ஏறும்போதும் ஆயிரத்தில் சுமார் 3.4 பங்கு கூடுகிறது. அதை அளந்தால் அந்த மீன் பல வாரங்களாக எந்தப் படியில் மேய்ந்தது என்று தெரியும். ஆனால் சாளையா, நெத்திலியா, காரலா என்று அது பெயர் சொல்லாது. பெயர் வேண்டுமென்றால் வயிற்றைத்தான் கீற வேண்டும்.

ஏப்ரல் 7

வெட்டுப்பட்ட வாலைப் பற்றி இருவர் கேட்டிருக்கிறார்கள். சீலாவின் பற்கள் முக்கோண வடிவில், தட்டையாக, கத்தி போல இருப்பவை. பின்னாலிருந்து பாய்ந்து முதலில் வாலை வெட்டிவிட்டால் இரையால் ஓட முடியாது. திரும்பி வந்து விழுங்கலாம். சூரை அப்படிச் செய்வதில்லை, முழுசாகவே விழுங்கும். களவா பாறையிடுக்கில் அசையாமல் இருந்து, இரை அருகில் வந்ததும் வாயை அகலத் திறந்து தண்ணீரோடு உறிஞ்சி எடுக்கும். மயில் கோலா தன் நீண்ட அலகைச் சாளைக் கூட்டத்துக்குள் மெதுவாக நுழைத்து, சட்டென்று பக்கவாட்டில் வீசும். அடிபட்ட சாளைகள் செதில் உதிர்ந்து, கூட்டத்தோடு ஓட முடியாமல் பின்தங்கும். மெக்சிகோக் கரையில் இதைப் படமெடுத்து ஆராய்ந்தவர்கள், அந்த மீன்கள் ஒரே நேரத்தில் பாயாமல் முறை வைத்துப் பாய்வதைக் கண்டார்கள்.

சீலாவுக்குக் காற்றுப்பை கிடையாது. நீந்துவதை நிறுத்தினால் மூழ்கும். இரவும் பகலும் நீந்திக்கொண்டே இருக்க வேண்டிய உடலுக்கு எவ்வளவு இரை வேண்டியிருக்கும் என்று அந்த மூன்று சாளைகளை நினைத்தால் எனக்குப் புரிகிறது.

ஏப்ரல் 16

நேற்றிலிருந்து விசைப்படகுகளுக்கு 61 நாள் தடைக்காலம். வள்ளங்கள் மட்டும் போகின்றன.

காலையில் கரையிலிருந்து பார்த்தபோது தொலைவில் ஆலாப் பறவைகள் ஓரிடத்தில் சுற்றிச் சுற்றி இறங்கின. ஆலா ஆழமாக மூழ்கத் தெரியாத பறவை. அதன் அலகுக்கு எட்டும் மேல்மட்டத்துக்கு நெத்திலி தானாக வராது. கீழே சூரையோ சீலாவோ நின்று மேலே துரத்த வேண்டும். மேலே ஆலா, கீழே சூரை, நடுவில் தப்ப வழியில்லாமல் உருண்டையாகத் திரளும் நெத்திலி. சூரை அற்றுப்போன கடலில் நெத்திலி எவ்வளவு இருந்தாலும் ஆலாவுக்குப் பட்டினிதான். சீலா, சூரைகளை நெத்திலியின் பகை என்று மட்டும் எழுதினால் இந்தப் பறவைக்குச் சோறு போடுவது யார் என்பது விடுபட்டுப் போகும்.

லட்சத்தீவின் மினிக்காய் மீனவர்கள் இதை நன்றாக அறிந்தவர்கள். தீவைச் சூழ்ந்த காயலில் சிறுமீன்களை உயிரோடு பிடித்துப் படகில் தண்ணீரோடு வைத்துக்கொள்வார்கள். சூரைக் கூட்டத்தைக் கண்டதும் அவற்றை அள்ளி வீசி, கடல் மேல் தண்ணீரைத் தூவுவார்கள். அந்தத் தூவல் சிறுமீன் கூட்டம் துள்ளுவது போல இருக்கும். சூரை மேய்ச்சல் வெறியில் வெறும் தூண்டிலையும் கவ்வும். கழியால் ஒவ்வொன்றாகத் தூக்கிப் போடுவார்கள். காயலில் இரைமீன் குறைந்த நாட்களில், வெளியே சூரை எவ்வளவு நின்றாலும் அவர்களால் பிடிக்க முடியாது.

மே 4

காரலைப் பற்றி ஒரு குறிப்பு எழுதாமல் இருக்க முடியவில்லை. எலும்பும் தோலுமாக இருக்கிறது என்று பலர் ஒதுக்குகிற மீன், சாறு வைத்தால் அதற்கு ஈடு கிடையாது. சீலா, சாவாளை, தும்பிலி எல்லாவற்றின் வயிற்றிலும் நான் அதைக் கண்டிருக்கிறேன்.

காரலின் உணவுக்குழலைச் சுற்றி வளையம் போல ஓர் உறுப்பு உண்டு. ஒளிவிடும் நுண்ணுயிர்கள் அதில் குடியிருக்கின்றன. முந்தாநாள் இரவு வள்ளத்திலிருந்து வந்த காரல் ஒன்றை, அடுக்களை விளக்கை அணைத்துவிட்டு, கண் இருளுக்குப் பழகும் வரை காத்திருந்து திறந்து பார்த்தேன். தொண்டைக்குக் கீழே நீலம் கலந்த ஒரு வெளிறிய வளையம் சில நிமிடம் தெரிந்தது. கடலுக்குள் இந்த ஒளி வயிற்றுப் பக்கம் பரவுகிறது. கீழிருந்து அண்ணாந்து பார்க்கும் வேட்டை மீனுக்கு, மேலே வெளிச்சமான நீரின் பின்னணியில் எந்த மீனும் கறுப்பு நிழலாகத் தெரியும். காரலோ தன் வயிற்றையே வெளிச்சமாக்கி அந்த நிழலை அழித்துக்கொள்கிறது. சாளையின் முதுகு கறுத்து வயிறு வெளுத்திருப்பதும் இதற்காகவே, ஆனால் காரல் இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறது. தின்னப்படுவதை நாம் எளிதாக இரை என்று சொல்லிவிடுகிறோம். அதன் உடல் முழுவதும் தப்பிப்பதற்காகவே அமைந்திருக்கிறது.

மே 18

சாவாளையின் வயிற்றிலிருந்து சாவாளை.

ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான ஒன்றை அறுத்தபோது, உள்ளே இருந்த குட்டிச் சாவாளை நாடாவை மடித்து வைத்தாற்போல இரண்டு மடிப்பாகக் கிடந்தது. தன்னினம் தின்பது இந்த மீனில் உலகெங்கும் பதிவானது. அதற்குத் தடுப்பும் அதனிடமே இருக்கிறது. பெரிய சாவாளை பகலில் மேல்மட்டத்துக்கு வந்து மேய்ந்து இரவில் அடிமட்டத்துக்கு இறங்கும். சிறியவை அதற்கு நேர்மாறாக, பகலில் அடிமட்டத்துக்கு மேலே கூட்டமாக நின்று இரவில் மேலே வந்து இறால்குஞ்சு போன்றவற்றை மேயும். ஒரே கடலில் தாயும் பிள்ளையும் மாற்று நேரத்தில் ஏறி இறங்குகின்றன. இடையில் சந்திக்கும் பொழுதில் மாட்டிக்கொண்டதாக இருக்கும், எனக்குக் கிடைத்த அந்தக் குட்டி.

மார்ச் 9 அன்று நீளத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று எழுதினேன். நேரத்தையும் சேர்க்க வேண்டும்.

மே 19

சீலாவும் பிறந்ததிலிருந்தே இப்படித்தானா என்று கேட்டவருக்கு: பெரும்பாலான மீன்களின் குஞ்சுகள் முதலில் மிதவை உயிரிகளைத் தின்று, வளர்ந்த பிறகே மீனுக்கு மாறும். சீலா இனம் அப்படி அல்ல. ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டுப் பகுதியில் எடுத்த, சில மில்லிமீட்டர் நீளமே உள்ள சீலா இனக் குஞ்சுகளின் வயிற்றில் வேறு மீன்களின் குஞ்சுகள் இருந்தன. முதல் உணவே மீன். அதே நாட்களில் அந்தக் குஞ்சு, தன்னைவிடச் சற்றுப் பெரிய எதற்கும் உணவு. கண்ணுக்குத் தெரியாத அந்த வயதில்தான் பெரும்பாலான சீலாக்கள் இறக்கின்றன. ஏலக்கூடத்துக்கு வரும் சீலா, லட்சக்கணக்கான முட்டைகளில் தப்பித்த ஒன்று.

ஜூன் 8

ஒரு கிலோ சீலாவுக்குப் பத்துக் கிலோ சாளை என்று பின்னூட்டம் ஒன்றில் நான் எழுதியிருந்தேன். அதை அப்படியே விட மனம் ஒப்பவில்லை. பத்தில் ஒரு பங்குக் கணக்கு 1942-இல் அமெரிக்காவின் சிறு ஏரி ஒன்றை ஆராய்ந்து லிண்டெமன் என்ற ஆய்வாளர் எழுதிய கட்டுரையிலிருந்து கிளைத்தது. அது ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குப் போகும் ஆற்றலைப் பற்றிய தோராயம். இடத்துக்கு இடம் மாறும். ஒரு குறிப்பிட்ட மீனுக்கு இத்தனை கிலோ தீனி என்று அதிலிருந்து எடுத்துச் சொல்லக் கூடாது. சீலா சாளையை மட்டுமே தின்பதும் இல்லை. காரல், நெத்திலி, கணவாய், இறால் என்று கிடைப்பதைத் தின்கிறது. ஒன்று குறைந்தால் மற்றொன்றுக்குப் போகும். சீலாவைக் குறைத்ததன் பலன் சாளையை மட்டும் போய்ச் சேராததற்கு இதுவும் காரணம்.

ஜூன் 22

தடைக்காலம் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விசைப்படகுகள் வந்த ஒரு காலையில் நான் சீலாவைப் பார்க்கப் போனேன், ஆனால் நின்றது சங்காயக் குவியலின் முன்னால்.

அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: இழுவலையில் விலைமீனோடு சேர்ந்து வரும் சிறுமீனும் குஞ்சும் நசுங்கலும் சங்காயம். காயவைத்து மீன்தூளுக்கும் கோழித் தீவனத்துக்கும் போகும். ஒரு கைப்பிடி எடுத்துக் கீழே பரப்பினேன். காரல்தான் அதிகம். விரல் நீளத் தும்பிலிகள் ஒன்பது, நாடாத் துண்டு போலச் சாவாளைக் குட்டிகள் நான்கு, சங்கராக் குஞ்சு, கணவாய்க் குஞ்சு, ஊழிக்குஞ்சு ஒன்று. தின்பவையும் தின்னப்படுபவையும் ஒரே கைப்பிடியில், ஏறக்குறைய ஒரே நீளத்தில் கிடந்தன.

கேள்வி கேட்டவரின் கணக்கில், மனிதன் மேலிருக்கும் ஒரு படியை மட்டும் எடுத்துவிட்டுக் கீழ்ப்படியைத் தொடாமல் விடுகிறான். நம் கரையில் நடப்பது அது இல்லை. பருவலை சீலாவை எடுக்கிறது, சாளை வலை சாளையை எடுக்கிறது, இழுவலை இரண்டு படிகளின் பிள்ளைகளையும் சேர்த்து எடுக்கிறது. டேனியல் பாலி என்ற மீன்வள ஆய்வாளரும் உடனிருந்தவர்களும் 1998-இல், உலகின் மீன்பிடிப்பு உணவுச் சங்கிலியின் மேற்படிகளிலிருந்து கீழ்ப்படிகளை நோக்கி இறங்கிக்கொண்டே போகிறது என்று எழுதினார்கள். நான் கண்ட கைப்பிடியில் இறங்குவதற்குப் படி எதுவும் தனியாக இல்லை. இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் படகுக்காரர்கள் மேல் இல்லை. டீசல் கடனுக்கு நடுவே சங்காயத்துக்குக் கிடைக்கும் தொகையும் அவர்களுக்கு வேண்டியிருக்கிறது. ஆனால் சீலாவைப் பிடிப்பது சாளைக்கு நன்மை என்ற பேச்சை அந்தக் குவியலின் முன்னால் நின்று யாராலும் சொல்ல முடியாது.

ஜூன் 23

நேற்றுப் பரப்பிய கைப்பிடியிலிருந்து ஊழிக்குஞ்சை மட்டும் காகிதத்தில் சுற்றி வீட்டுக்கு எடுத்து வந்திருந்தேன். ஏன் எடுத்தேன் என்று அப்போது தெரியவில்லை. அதன் நீளம் ஒரு சாண்கூட இல்லை, தாடையில் மட்டும் பற்கள் வளர்ந்த ஊழியின் பற்களைப் போலவே இருந்தன.

ஜூலை 6

ஊழிக்குஞ்சின் தலையை வெந்நீரில் போட்டுச் சதையைக் கழற்றி, மண்டையோட்டின் அடியிலிருந்து செவிக்கற்கள் இரண்டையும் ஊசிமுனையால் எடுத்தேன். காய்ந்த பிறகு, மார்ச் 3 அன்று நான் சொன்ன பெயர் தெரியாத சோடியைத் தீப்பெட்டியிலிருந்து கொட்டிப் பக்கத்தில் வைத்தேன். இரண்டும் ஒரே வடிவம். ஒடுங்கிய நீளம், ஒரு முனையில் கூர்மை, உள்பக்கம் ஓடும் அதே பள்ளம். தீப்பெட்டியில் இருந்தவை இம்மியளவு பெரியவை, அவ்வளவுதான். ஒரு கல்லின் ஓரம் இரைப்பை நீரில் சற்றுக் கரைந்து மழுங்கியிருந்ததால் இத்தனை நாள் எனக்குப் பிடிபடவில்லை.

ஆறு கிலோ சீலா ஒன்றின் வயிற்றில் கிடைத்தவை அவை. வளர்ந்திருந்தால் அந்த ஊழியும் அதே சாளைக் கூட்டத்தைத்தான் துரத்தியிருக்கும். சீலா அன்று சாளையைத் தின்றதா, சாளையைத் தின்னப்போகிற ஒன்றைத் தின்றதா என்று கேள்வி கேட்டவர் தம் கணக்கில் சேர்த்துப் பார்க்கட்டும். பெட்டியின் மேல் 'ஊழி, குஞ்சு' என்று எழுதி ஒட்டிவிட்டேன்.